மூன்றாம் லைனுக்குப் பரீட்சை

காலை சைரன் ஓய்ந்து நேரமாகி, மூன்றாம் லைனில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஜான்சியின் மெஷின் மட்டும் சும்மா இருந்தது. அவள் அயர்ன் மேஜைப் பக்கம் நின்று, அப்போதுதான் தேய்த்து எடுத்த காலர் அடுக்கின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தாள். துணியின் சூடு கணுக்களில் இறங்க இறங்க, விறைத்துக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அயர்ன் போடும் சுப்புராயன் எதுவும் கேட்கிற ஆளில்லை. சூடான அடுக்கு ஒன்றை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, ஆறிப்போனதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஜான்சிக்கா, உத்திராபதி சார் வர்றாரு" என்று மங்கலம் தலை நிமிராமலே சொன்னாள்.

ஜான்சி ஓடிவந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய பண்டல் பாதியாக இளைத்திருந்தது. குறைந்த பாதிக்கு மங்கலமே கை ஏற்றி முடித்து அடியில் செருகி வைத்திருந்தாள். தன்னுடைய காலர் வேலையையும் அவள் விட்டுவிடவில்லை. மங்கலம் அப்படிப்பட்ட கைக்காரி. மெஷினுக்கே மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி இருந்தது அந்தச் சட்டைக் கம்பெனி. கடலூர்ப் பெண்களை ஒரு பஸ்ஸும் சிதம்பரத்துப் பெண்களை ஒரு பஸ்ஸும் காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் அள்ளிக்கொண்டு போகும். மூன்றாம் லைனில் மங்கலம் காலர் வைப்பாள். அடுத்து ஜான்சி, சட்டைக்குக் கை ஏற்றுவாள். அதற்கடுத்து தில்லையம்மாள், பக்கவாட்டுத் தையல் போடுவாள். தில்லையம்மாள் சிதம்பரம் பஸ், மற்ற இருவரும் கடலூர் பஸ்.

முந்தின வருஷம், 2006-இல், கடலூர் முதுநகரில் சிக்கன்குனியா வராத வீடு கிடையாது. எல்லோருக்கும் வந்து போயிற்று, ஜான்சிக்கு மட்டும் வந்து தங்கிவிட்டது. காய்ச்சல் விட்டு மாதக் கணக்கில் ஆகியும் விரல் கணுக்களில் வீக்கம் வடியவில்லை. காலையில் ஜாக்கெட் கொக்கியை மகள் ஆரோக்கிய ராணிதான் மாட்டிவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் விரல் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். ஆனால் கம்பெனி மத்தியானம் ஆரம்பிப்பதில்லையே. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை சும்மா கிடைக்கும்தான், விஷயம் கம்பெனிக்கும் போய்ச் சேரும். கையில் கோளாறு என்று தெரிந்த டெய்லரை எவன் வைத்துக்கொள்வான் என்று அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

புருஷன் யாகப்பன் கடலுக்குப் போகிறவன். கடல் கொடுத்தால் உண்டு, கொடுக்காத நாளில் ஜான்சியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். இந்த வேலை போனால் அவளுக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றுதான். முதுநகர் இறால் ஷெட்டில், ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரிப்பது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதைத்தான் செய்திருந்தாள். இப்போது அந்த ஐஸ் பெட்டியை நினைத்தாலே கணுக்கள் வலித்தன. இந்த விரலோடு ஐஸில் கை வைக்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த மெஷினை அவள் விடுவதாக இல்லை.

அவளுக்காக மங்கலம் பீஸ் தைத்துக் கொடுப்பதற்கு லைனில் கைமாத்து என்று பெயர். சர்க்கரை, காப்பித்தூள் வாங்குகிற மாதிரிதான். மங்கலத்துக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்து, உடம்பு தேறாமல் வந்து உட்கார்ந்தபோது அவளுடைய பண்டலில் பாதியை ஜான்சிதான் தைத்தாள். தில்லையம்மாளுக்குக் கண்ணில் புரை எடுத்தபோது ஆளுக்கொரு கை போட்டு லைனே அவள் வேலையைப் பார்த்தது. வாங்கினவள் திருப்பித் தரவேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பண்டல் பண்டலாக வேலை நடக்கிற இடத்தில் இது சுலபம். கட்டை அவிழ்த்துவிட்டால் எந்தச் சட்டைக்கு யார் கை ஏற்றினார்கள் என்று சட்டைக்கே தெரியாது.

சூப்பர்வைசர் உத்திராபதிக்குத் தெரியும். மங்கலம்பேட்டை என்ற ஊர்க்காரர். ஆபீஸ் அறைக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார், பிறகு பக்கத்தில் வந்து, "கொஞ்சம் பாத்துப் போங்கம்மா" என்று குரலைத் தணித்துக்கொள்வார். சாயங்காலம் எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

மாசி பிறந்த வாரத்தில் சித்தார்த் வந்து சேர்ந்தான். இன்ஜினியர். திருப்பூரில் இரண்டு கம்பெனிகளைத் திருத்திவிட்டு வந்தவன் என்று சொன்னார்கள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். யாரையும் அதட்டவில்லை, எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதனாலேயே பெண்களுக்கு அவனைக் கண்டு கொஞ்சம் கூடுதலாகப் பயம்.

உத்திராபதி லைனை நிற்க வைத்து அறிமுகம் செய்தார்.

"இனிமே நம்ம கம்பெனியில லீன் சிஸ்டம். லீன்னா ஒல்லின்னு அர்த்தம். வேலையில இருக்கற வேண்டாத கொழுப்பையெல்லாம் எடுத்துடறது. சரிதானே சார்?"

"எங்ககிட்ட கொழுப்பு இருக்குதுன்னு யாரு சார் சொன்னது?" என்றாள் தில்லையம்மாள்.

லைன் சிரித்தது. சித்தார்த்தும் சிரித்தான். "உங்ககிட்ட இல்லக்கா. நடக்கற நடையில, தேடற நேரத்துல, குமிஞ்சு கெடக்கற பண்டல்ல."

முதலில் சுத்தம் செய்தார்கள். மெஷின்களுக்கு அடியிலிருந்து ஒடிந்த பாபின்கள், ஒற்றைச் செருப்பு, எலி கடித்த காலர்கள் எல்லாம் வந்தன. இடது கையை வலது பக்கமாக ஏற்றிய ஒரு முழுப் பண்டலும் வந்தது. அதை ஒளித்து வைத்ததே உத்திராபதிதான். அவர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நூற்கண்டுகள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தன. கத்தரிக்கோலுக்கு ஒரு கொக்கி, ஊசிக்கு ஒரு டப்பா, தண்ணீர் பாட்டில்களுக்குச் சுவரோரம் ஒரு ஸ்டாண்ட் என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வந்தது. பாதையில் தடுக்கி விழ ஒன்றும் இல்லை. "நம்ம வூட்டுக்கு ஒரு தடவ இந்தத் தம்பியை அழைச்சுக்கினு போவணும்" என்று மங்கலம் சொன்னாள். நிஜமாகவே வேலை இலகுவாயிற்று. அதுவரை ஒரு தப்புத் தையல் விழுந்தால் பண்டல் முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும், சனிக்கிழமைகளில் அதற்காகவே உட்கார வைப்பார்கள். இப்போது லைன் நடுவிலேயே சட்டையைச் சரிபார்க்க வைத்ததால், தப்பு உடனே பிடிபட்டது. சனிக்கிழமை பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

அடுத்த திங்கட்கிழமை பண்டல் போயிற்று.

மெஷின்களை வளைவாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மெஷினுக்கு நடுவில் பலகை, பலகையில் மஞ்சள் டேப்பால் ஒட்டிய ஒரு சதுரம். அதில் ஒரே ஒரு பீஸ்தான் இருக்கலாம். முன்னவள் தைத்து வைப்பாள், அடுத்தவள் எடுத்துத் தைப்பாள். எடுப்பதற்குள் இரண்டாவது பீஸ் வந்துவிட்டால், கொடுக்கிறவள் தன் பக்கம் இருக்கும் சுவிட்சைத் தட்டவேண்டும். வாங்குகிறவளின் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். சரியாகும் வரை லைனில் மற்ற மெஷின்கள் எல்லாம் நிற்கவேண்டும்.

"இது தண்டனை இல்லக்கா. எங்க கஷ்டம் இருக்குதுன்னு தெரியறதுக்கு" என்றான் சித்தார்த்.

எங்கே இருக்கிறது என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. ஜான்சி முதல் சட்டையின் கையை அடுக்கிலிருந்து பிரித்து, மடிப்புக்கு மடிப்பு பொருத்தி, விரலால் அழுத்திப் பிடிப்பதற்குள் மஞ்சள் சதுரத்தில் அடுத்த பீஸ் வந்துவிட்டது. அதன் மேல் இன்னொன்று. மங்கலம் மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதில் ஏதோ நூல் பிசிறு பார்ப்பவள் போல் குனிந்திருந்தாள். சித்தார்த் பின்னால் வந்து நின்றான்.

"மங்கலம் அக்கா, சுவிட்ச்."

மங்கலம் கேட்காதது போல் இருந்தாள்.

"தட்டுங்கக்கா. பரவால்ல."

அவள் தட்டினாள். ஜான்சியின் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு மெஷினாக நின்று, கடைசியில் லைனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது ஜான்சிக்குப் புறங்கழுத்தில் தெரிந்தது. மங்கலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். காலை முழுக்க அந்த விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஒவ்வொரு முறையும் தட்டியது மங்கலத்தின் கைதான்.

"அவசரப்படாதீங்க" என்றான் சித்தார்த், ஜான்சியிடம். "இந்த வாரம் பூரா பழகுங்க. அடுத்த புதன்கிழமை நான் டைம் ஸ்டடி எடுப்பேன். ஒரு பீஸுக்கு யாரு எவ்ளோ நேரம் எடுத்துக்கறாங்கன்னு வாட்ச் வச்சிப் பாக்கறது. லைனோட வேகத்துக்கு வர முடியலைன்னா வேற எடத்துக்கு மாத்திடலாம்."

"வேற எடம்னா எங்க சார்?"

அவன் உத்திராபதியைப் பார்த்தான். உத்திராபதி ஹாலின் கூரையைப் பார்த்தார். அவன் போன பிறகு அவரே வந்து மெதுவாகச் சொன்னார்.

"வேற எடம்னு ஒண்ணும் கெடையாது ஜான்சி. மத்த ரெண்டு லைன்லயும் ஆளு ஜாஸ்தின்னுதான் பேசிக்கறாங்க. அந்தப் புதன்கிழமைய எப்படியாச்சும் தாண்டிடு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஜான்சி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"நானே நின்னுக்கறேன்" என்றாள். "உங்க கையால சுவிட்ச் தட்டித் தட்டி என்னை அனுப்ப வேண்டாம்."

"நின்னு? ஐஸ்ல கைய வுடப் போறியா?" என்று தில்லையம்மாள் சீறினாள். "மூடிக்கினு சோத்தத் துன்னு."

மங்கலம் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்தால் சாதம் கூழாகும் வரை பிசைவாள்.

"அக்கா, உனக்கு மெஷின் ஓட்டறது கஷ்டமில்ல. மிதிக்கற காலு நல்லாத்தான் இருக்குது. கையை எடுத்துப் பிரிச்சி, மடிப்பு பாத்து, பொருத்திப் புடிக்கறதுலதான் நேரம் போவுது. சரியா?"

"ம்."

"காலரு வச்ச ஒடனே அந்தக் கையையும் நானே பொருத்தி நடுவுல ஒரு தையலு புடிச்சிட்டுக் குடுத்தா? நீ எடுத்து வச்சி ஓட்டிட வேண்டியதுதான். முடிச்ச ஒடனே நூலு வெட்டாத. அப்படியே தள்ளு. தில்லக்கா வெட்டிக்கும்."

"எனக்கு எங்கடி நேரம் இருக்குது?" என்றாள் தில்லையம்மாள்.

"நேரம் பண்ணிக்கணும். நானுந்தான் பண்ணிக்கணும். எல்லாருமே அன்னிக்கிக் கொஞ்சம் பறக்கணும். ஒரு நாளுதானக்கா! பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்சன் வந்தா என்னா பண்ணுவோம்? பெருக்கி, கோலம் போட்டு, நல்லாப் படிக்கற புள்ளைங்கள முன்னால குந்த வச்சி... வந்து பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மறுநாளு யாரு கேக்கப் போறாங்க?"

யாருக்கும் இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. அவரவர் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நடந்திருந்தது. விஷயம் லைன் முழுக்கப் பரவியது. பாக்கெட் வைக்கிறவளிலிருந்து பட்டன் தைக்கிறவள் வரைக்கும் ஜான்சிக்குப் பரீட்சை என்று தயாரானார்கள். அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் பாதியை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டார்கள். உத்திராபதி எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் வராம பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கை அழைத்து வந்து மூன்றாம் லைன் மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் விடச் சொன்னார். அறுந்து அறுந்து போகும் நூலை ஒளித்துவிட்டு நல்ல நூலை எடுத்து வைத்ததும் அவர்தான்.

புதன்கிழமை காலை பஸ் ஏறும்போது ஜான்சியின் விரல்கள் வழக்கத்தைவிட மோசமாக இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் முதுநகர் கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்ட ஊசி வேலை செய்யவில்லை. சுப்புராயன் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து காலர் தேய்க்க ஆரம்பித்திருந்தார். பேசாமல் ஓர் அடுக்கை அவள் பக்கம் தள்ளினார். அவள் கைகளை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஆரோக்கிய மாதாவுக்கு என்ன நேர்ந்துகொள்வது என்று யோசித்தாள். பயத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சித்தார்த் முதலில் பாக்கெட் மெஷினுக்குப் பின்னால் நின்றான். அங்கிருந்து ஒவ்வொரு மெஷினாக நகர்ந்தான். வாட்ச்சை அழுத்துவான், அட்டையில் குறிப்பான், மறுபடி அழுத்துவான். லைன் பறந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை, யாரும் நெற்றி வியர்வையைத் துடைக்கவில்லை. மங்கலத்தின் கைகளைப் பார்த்தால் கண் கூசியது. காலரை வைத்து முடித்த வேகத்திலேயே சட்டைக் கையைப் பிரித்து, பொருத்தி, நடுவில் ஒரு தையல் பிடித்து மஞ்சள் சதுரத்தில் வைத்தாள். ஜான்சி அதை உள்ளங்கையால் இழுத்து, ஊசிக்கு அடியில் கொடுத்து மிதித்தாள். முடிந்ததும் நூலோடு அப்படியே தள்ளினாள். தில்லையம்மாள் வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே நூலை வெட்டினாள்.

சித்தார்த் ஜான்சிக்குப் பின்னால் வந்து வாட்ச்சை அழுத்தினான். ஒரு சட்டை போனது. இன்னொன்று. மூன்றாவதில் கட்டைவிரல் மடங்க மறுத்தது. துணி நழுவியது. அவள் மணிக்கட்டால் அதை அழுத்தி இழுத்து மெஷினுக்குக் கொடுத்தாள். பக்கத்தில் மங்கலத்தின் மெஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. சதுரத்தில் அடுத்த பீஸ் விழுந்தபோது அது காலியாக இருந்தது. விளக்கு எரியவில்லை.

அவன் நகரவில்லை. மங்கலத்தின் கையைப் பார்த்தான், பிறகு தில்லையம்மாளின் கத்தரிக்கோலைப் பார்த்தான்.

"கை பொருத்தறது யார் வேலை?"

தில்லையம்மாள் கத்தரிக்கோலை மடியில் இறக்கினாள். ஜான்சிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

"எங்க வேலைதான் சார்" என்றாள் மங்கலம் கடைசியில். "நாங்களா பிரிச்சிக்கினோம்."

"உங்க கைக்கு என்ன?" என்று ஜான்சியைக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல சார்."

அவன் வீங்கிய கணுக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எங்க அம்மாவுக்கும் இன்னும் சரியாகல" என்றான், வாட்ச்சைத் துடைத்துக்கொண்டே. பிறகு உத்திராபதியைக் கூப்பிட்டான்.

"சார், இதுதான் நான் சொன்ன பேலன்ஸ். ஒருத்தர்கிட்ட குமியற வேலையை ரெண்டு பக்கமும் பிரிச்சுக்கறது. நான் சொல்லாமயே பண்ணியிருக்காங்க. இப்படியே வச்சுக்கலாம். கை பொருத்தறது காலர் மெஷின், நூல் வெட்டறது சைடு மெஷின். ஜான்சி அக்கா அங்கயே இருக்கட்டும். யாரையும் மாத்த வேண்டாம்."

உத்திராபதி, "அதான் சார், நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜான்சி மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை. வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். அழுது முடித்து நிமிர்ந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இறால் ஷெட் இல்லை. ஐஸ் இல்லை. நாளைக்கும் இதே பஸ், இதே மெஷின். தில்லையம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினாள்.

"கத்திரிக்கா கொத்சு. சிதம்பரத்து ஆளு வச்சது. துன்னு பாத்துட்டு அழு."

ஜான்சி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்ததில் புரையேறியது. மங்கலம் அவள் தலையில் தட்டினாள். அன்று மூன்றாம் லைனின் சத்தம் மற்ற இரண்டு லைன்களுக்கும் கேட்டது. மறுநாள் ஜான்சி எல்லோருக்கும் சங்கரா மீன் வறுத்துக் கொண்டுவந்தாள். யாகப்பன், "கம்பெனிக்கே கண்ணாலமா?" என்று கேட்டுக்கொண்டே நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தான். சித்தார்த்துக்கும் ஒரு துண்டு போயிற்று. சைவம் என்று சொல்லிவிட்டான், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் லைனுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்கள். மணிக்கு எத்தனை சட்டை என்று அதில் எழுதியிருந்தது. பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், இது ஜாஸ்தி சார்" என்றாள் மங்கலம்.

"ஜாஸ்தி இல்லக்கா" என்றான் சித்தார்த். அவன் குரலில் கள்ளம் ஏதும் இல்லை. "புதன்கிழமை நீங்க தச்சதுதான். நான் ஒரு பீஸ்கூட சேத்துப் போடல. வேணும்னா அட்டையக் காட்டறேன்."

"அது... அன்னிக்கி ஒரு நாளு..." என்று ஆரம்பித்தவள், ஜான்சியின் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்று மட்டும் ஏன் அப்படித் தைத்தோம் என்று சொன்னால், யாருக்காக என்றும் சொல்லவேண்டியிருக்கும். உத்திராபதி எண்ணெய் விட்ட மெஷின்களைப் பார்த்தபடி நின்றார்.

"என்னாலதானடி" என்றாள் ஜான்சி, அவன் போன பிறகு.

"சும்மா கெட. நீ மட்டும் போயிருந்தா அந்த எடத்துல எவளாவது ஒரு சின்னப் பொண்ணக் கொண்டாந்து வச்சிருப்பான். அவ இதவிட வேகமாத் தச்சி நம்மள சாவடிச்சிருப்பா" என்றாள் மங்கலம். தில்லையம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்கள்.

தைக்க முடிந்தது. அதுதான் ஆச்சரியம். நூல் கைக்கு எட்டியது, ஊசி தேடவேண்டியதில்லை, தப்புகள் குறைந்துவிட்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தால் பலகையில் இருந்த எண்ணிக்கை வந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். முன்பு பண்டல் இருந்தபோது பாத்ரூமுக்குப் போகிறவள் போய்விட்டு வருவாள், பண்டல் காத்திருக்கும். இப்போது ஒருத்தி எழுந்தால் அவள் சதுரத்தில் பீஸ் குமிந்துவிடும். சனிக்கிழமை முற்பகலில் தில்லையம்மாள் தாங்கமாட்டாமல் எழுந்து போனாள். சதுரத்தில் இரண்டாவது சட்டை விழுந்தது. ஜான்சி சுவிட்சைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். உத்திராபதி பின்னால் வந்து நின்றார். அவள் தட்டினாள். காலி நாற்காலிக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் முழுக்க நின்றது. தில்லையம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தபோது அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். வேலை இல்லாதபோது கண் வேறெங்கே போகும்?

"மன்னிச்சுக்கக்கா" என்றாள் ஜான்சி.

"உடு. தண்ணி குடிச்சது என் தப்பு" என்றாள் தில்லையம்மாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் லைனில் விளக்கு எரிவது அபூர்வமாயிற்று. மானேஜர் வந்து பாராட்டினார். மற்ற இரண்டு லைன்களையும் இதே மாதிரி மாற்றப் போவதாகச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் ஜான்சியின் விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக மடங்க ஆரம்பித்தன. பங்குனிக்குள் வீக்கம் வடிந்துவிடும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அவள் அதை நம்பினாள். இப்போது எதையும் நம்புகிற மனநிலையில்தான் இருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் மங்கலமும் ஜான்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஆரோக்கிய ராணியின் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அவளை நர்சிங்கில் சேர்க்கலாமா என்று பேசினார்கள். சேர்க்கலாம் என்று பேசவே ஜான்சிக்கு நன்றாக இருந்தது. ஜன்னலில் உப்புக் காற்று அடித்தது. குடிகாடு வந்ததும் எல்லோரும் வழக்கம்போல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். சிப்காட் கெமிக்கல் ஆலைகளின் வாடை பின்னால் போனதும் மறுபடி ஆரம்பித்தார்கள். பின் சீட்டில் யாரோ ஏதோ சொல்ல ஒரு கூட்டமே சிரித்தது.

முதுநகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் தங்கராசு எஞ்சினை அணைத்தார். கேட்டைத் தாண்டினால் வீடு பக்கம்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, பைகள் திறந்தன. காலையில் வீட்டில் பிடித்த தண்ணீர் பாட்டில்கள் கழுத்து வரை நிறைந்தபடியே வெளியே வந்தன. ஜான்சி மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள். மங்கலம் ஏற்கெனவே அண்ணாந்திருந்தாள்.

சிரிப்பு திடீரென்று நின்றுபோனதால் தங்கராசு கண்ணாடியில் பார்த்தார்.

"ஏம்மா, கம்பெனியில தண்ணிகூடக் குடுக்க மாட்டாங்களா?"

"குடுக்கறாங்கண்ணே" என்றாள் மங்கலம், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஃபில்டர் தண்ணி. சில்லுனு இருக்குமாம்."

சொல்லிவிட்டு அவள் மறுபடி அண்ணாந்தாள். முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை அத்தனை பெண்களும் தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் வந்து, போய், கேட் திறந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.